கத்தரியும் பசையும் போன வழி

மேசையில் ஒரு கத்தரிக்கோல், ஒரு பசை டப்பா, தட்டச்சு செய்த தாள்கள். 1960களின் பின்பாதி. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க் பக்கம், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கற்பிக்கலாம் என்ற கொள்கையோடு மிட்பெனின்சுலா ஃப்ரீ யுனிவர்சிட்டி என்றொரு அமைப்பு நடந்துவந்தது. அதன் பாடப் பட்டியலை அச்சுக்குத் தயார் செய்ய லாரி டெஸ்லர் என்ற இளைஞர் சம்பளமில்லாமல் கைகொடுத்தார். நியூயார்க்கின் பிராங்ஸில் 1945இல் பிறந்து, ஸ்டான்ஃபோர்டில் படித்து, நிரல் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தவர். பத்தியைக் கத்தரிப்பார், அட்டையில் ஒட்டுவார், கோணலாக இருந்தால் பிய்த்து மறுபடி ஒட்டுவார். இந்த வேலை முழுவதும் ஒருநாள் கணினித் திரையிலேயே நடக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நிரலாளர்களில் பெரும்பாலோர் துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைத்தாளுக்காகக் காத்திருந்த காலம் அது.

நம் ஊரில் எண்பதுகளின் பத்திரிகை அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும். புரோமைடு தாளில் வரும் பத்திகளைக் கத்தரித்து, பின்பக்கம் ரப்பர் சொல்யூஷன் தடவி, பக்கத்தில் பொருத்துவார்கள். பேஸ்ட்-அப் என்றுதான் அதற்குப் பெயர். கடைசி நேரத்தில் ஒரு வரி கூடினால், பழைய காகிதத் துண்டுகளில் தேடி ஓர் எழுத்தைப் பெயர்த்து எடுத்து ஒட்டிய கைகள் அவை. கணினியில் இன்று நாம் ‘பேஸ்ட்’ என்று சொல்லும்போது அந்தப் பசையைத்தான் சொல்கிறோம். இரண்டு விரலில் முடிந்துவிடும் ஒரு செயலுக்குள் இன்னும் காயாத பசை இருக்கிறது.

அந்தப் பசை டப்பா திரைக்குள் போனதன் வரலாறு, டிசைன் வேலையைப் பற்றி நான் அறிந்த மிக நல்ல பாடம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1970இல் ஜெராக்ஸ் நிறுவனம் பாலோ ஆல்டோவில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. பார்க் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். டெஸ்லர் 1973இல் அங்கே சேர்ந்தார். அதே ஆண்டில்தான் ஆல்டோ என்ற கணினி அங்கே இயங்கத் தொடங்கியது. நிமிர்ந்து நிற்கும் தாள் வடிவத் திரை, கையருகே மவுஸ். அதற்காக பட்லர் லாம்ப்ஸனும் சார்லஸ் சிமோனியும் சேர்ந்து பிராவோ என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினார்கள். தாளில் எப்படி வருமோ அப்படியே திரையில் காட்டியது. அந்த வகையில் அது பெரிய சாதனை. ஆனால் அதற்குள் ஒரு பள்ளம் இருந்தது. பிராவோவில் ஒரு விசையை அழுத்தினால் அது எழுத்தா கட்டளையா என்பது நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கட்டளை நிலையில் இருப்பதை மறந்துவிட்டு ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் என்ன ஆகும்? ‘ஈ’ முழு ஆவணத்தையும் தேர்வு செய்யும். ‘டி’ அதை அழிக்கும். ‘ஐ’ புதிதாக எழுதத் தொடங்கும். மிஞ்சிய கடைசி எழுத்து ‘டி’ மட்டும் திரையில் நிற்கும். பார்க்கில் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

இப்படி ஒரே விசை நிலைக்கு நிலை வேறு பொருள் தருவதைத்தான் ‘மோடு’ என்கிறார்கள். நம் வீடுகளில் தினமும் நடப்பதுதான். டிவி ரிமோட்டில் தெரியாமல் எதையோ அழுத்திவிட்டு, சிக்னல் இல்லை என்று சொல்லும் நீலத் திரையைப் பார்த்தபடி பேரன் வரும்வரை உட்கார்ந்திருக்கும் தாத்தா அப்படியொரு மோடுக்குள் மாட்டிக்கொண்டவர். அவர் மேல் தவறே இல்லை. டெஸ்லர் தம் வாழ்நாள் முழுவதும் போராடியது அந்தத் தாத்தாவுக்காக என்றே நான் நினைக்கிறேன். அவருடைய காரின் நம்பர் பிளேட்டிலேயே ‘மோடு வேண்டாம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

போராட்டத்துக்கு வாய்ப்பு ஒரு பாடநூல் பதிப்பகத்தின் வழியாக வந்தது. பாஸ்டன் அருகே லெக்ஸிங்டனில் இருந்த ஜின் நிறுவனம் ஜெராக்ஸின் கைக்குள் இருந்தது. அங்குள்ள பதிப்பாசிரியர்களுக்குக் கணினியால் உதவ முடியுமா என்று பார்க்க, ஜின் தரப்பிலிருந்து டிம் மாட் என்பவர் பார்க்குக்கு வந்தார். பார்க்கில் அவரிடம் முதலில் காட்டிய நிரலைப் பதிப்பாசிரியர்களால் பயன்படுத்த முடியாது என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். பிறகு டெஸ்லரும் மாட்டும் சேர்ந்தார்கள். நிரல் எழுதுவதற்கு முன்னால் மாட் பதிப்பாசிரியர்களோடு இருந்து, அவர்கள் கையெழுத்துப் பிரதியில் எங்கே கோடு போடுகிறார்கள், எதை அடிக்கிறார்கள், எதை அம்புக்குறி போட்டு வேறிடத்துக்கு நகர்த்துகிறார்கள் என்று பார்த்தார்.

டெஸ்லர் இன்னொன்று செய்தார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பார்க்கில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு பெண்ணை வெற்றுத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். திருத்தக் குறிகள் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்தார். இந்தப் பக்கம் திரையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், இந்தத் திருத்தங்களை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார். அவருக்குப் பார்க்கின் நிரல் எதுவும் தெரியாது, அதனால் எந்தப் பழக்கமும் குறுக்கே வரவில்லை. இந்த இடத்தைச் சுட்டிக்காட்டுவேன், இதைக் கோடிழுத்து அடிப்பேன், இங்கே தட்டச்சு செய்வேன் என்று அவர் சொல்லச் சொல்ல டெஸ்லர் எழுதிக்கொண்டார். திரையில் ஒரு புள்ளிகூட எரியவில்லை. டிசைன் அந்த அறையில் தொடங்கிவிட்டது.

டெஸ்லரும் மாட்டும் 1975இல் முடித்த நிரலின் பெயர் ஜிப்சி. அதற்கு முந்தைய நிரல்கள் பலவற்றில் முதலில் கட்டளையைச் சொல்ல வேண்டும்; பிறகு, எதன் மேல் என்று காட்ட வேண்டும். நடுவில் மனம் மாறினால், நிரல் இன்னும் அந்தக் கட்டளைக்குள்ளேயே காத்துக்கொண்டிருக்கும். ஜிப்சி இதைத் தலைகீழாக்கியது. முதலில் சொல்லை மவுஸால் தேர்வு செய். அடுத்து என்ன செய்வது என்று பிறகு சொல். தேர்வு செய்தபின் மனம் மாறினால் கவலையில்லை, வேறொன்றைத் தேர்வு செய்யலாம். ஆங்கிலத்தில் ஏவும்போது வினை முன்னால் வரும், பொருள் பின்னால் வரும். தமிழில் ‘இந்த வரியை வெட்டு’ என்கிறோம்: செயப்படுபொருள் முன்னே, வினை பின்னே. ஜிப்சி நம் இலக்கண வரிசையில்தான் நடந்தது. இதைக் கண்டுகொண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று முழுவதும் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

இடம் மாற்றுவதற்கும் ஒரு விடை தேவைப்பட்டது. ‘நகர்த்து’ என்ற ஒற்றைக் கட்டளை என்றால், எதை, எங்கே என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நடுவே வேறெதுவும் செய்ய முடியாது. அதுவும் ஒரு மோடுதான். அங்கேதான் பழைய கத்தரியும் பசையும் கைகொடுத்தன. வெட்டு. பிறகு ஆவணத்தில் எங்கு வேண்டுமானாலும் போ, வேறு எதையாவது படி, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்து. வேண்டிய இடம் வந்ததும் ஒட்டு. ஒரு பெரிய செயலை இரண்டு சிறிய செயல்களாகப் பிரித்து, நடுவில் மனிதருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தார்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு. வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் நடுவில், வெட்டிய துண்டு கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் இருக்கிறது. பேஸ்ட்-அப் மேசையில் அது மேசைமேலேயே கிடக்கும். காற்றில் பறக்காமல் ஸ்கேல் வைத்து அழுத்தியிருப்போம். கணினியில் அது எங்கே? பின்னால் இந்தக் கேள்விக்குத் திரும்ப வர வேண்டியிருக்கும்.

ஜின் பதிப்பாசிரியர்கள் சில மணி நேரத்தில் ஜிப்சியில் வேலை செய்யப் பழகிவிட்டார்கள். ஒரு சொல்லைத் தேர்வு செய்ய இருமுறை தட்டுவதும், பொத்தானை அழுத்தியபடி இழுத்து ஒரு வரியைத் தேர்வு செய்வதும் அந்த நிரல் நமக்கு விட்டுச்சென்றவைதான்.

1979 டிசம்பரில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸும் அவருடைய ஆட்களும் பார்க்குக்கு வந்தார்கள். அவர்களுக்குச் செய்து காட்டியவர்களில் டெஸ்லரும் ஒருவர். வந்தவர்கள் கேட்ட கேள்விகள் அவரை ஈர்த்தன. 1980இல் அவரே ஆப்பிளுக்குப் போய்விட்டார். லிசா என்ற கணினியின் பயன்பாட்டு நிரல்களுக்கான குழு அவர் பொறுப்பில் வந்தது. அறைக்குள் ஒரு கத்தரி என்ற அளவில் இருந்த யோசனை, குழு ஒன்றின் கைக்கு மாறியது இங்கேதான். டிசைன் டீம் நடத்துகிற எவரும் நின்று பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

லிசா குழுவில் திறமைசாலிகளுக்குக் குறைவில்லை, பிடிவாதத்துக்கும் குறைவில்லை. பார்க்கின் மவுஸில் மூன்று பொத்தான்கள். லிசாவில் எத்தனை என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. ஒன்று போதும் என்ற பக்கம் நின்றவர் டெஸ்லர். கடைசியில் ஒன்றோடுதான் வந்தது. இப்படிப்பட்ட சண்டைகளை அவர் கூட்ட அறையில் முடிக்கப் பார்க்கவில்லை. கணினியே தொட்டிராதவர்களை அழைத்துவந்து, லிசா முன்னால் உட்காரவைத்து, அவர்கள் தடுமாறுவதைப் பார்க்க ஏற்பாடு செய்தார். அப்படி ஒரு சோதனையில் ஒருவர் வரவர எரிச்சலானார். என்னவென்று கேட்டால், இந்தக் கணினி என்னை ஏன் முட்டாள் என்கிறது என்றார். யாருக்கும் புரியவில்லை. திரையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. திரையில் வந்த பெட்டியின் பொத்தானில் ‘செய்’ என்ற பொருளில் ‘டூ இட்’ என்று எழுதியிருந்தார்கள்; இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளி அவர் கண்ணில் படவில்லை. அந்த எழுத்துருவில் பெரிய ‘ஐ’யும் சிறிய ‘எல்’லும் ஒன்றுபோலவே தெரியும். அவர் அதை ‘டோல்ட்’ என்று படித்திருக்கிறார். ஆங்கிலத்தில் அதற்கு மடையன் என்று அர்த்தம். பொத்தானை ‘ஓகே’ என்று மாற்றினார்கள். நாம் ஒவ்வொரு நாளும் அழுத்தும் ஓகே, ஒரு மனிதரின் மனம் புண்பட்டதைக் குழு ஒன்று மதித்ததால் வந்தது.

அந்தக் குழுவில் எத்தனை பேர் அந்தப் பொத்தானை எத்தனை முறை பார்த்திருப்பார்கள்! ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. எழுதியவர் கண்ணுக்கு எழுத நினைத்ததுதான் தெரியும். பத்தாண்டுகளுக்கு மேலாக நானும் டிசைன் டீம் நடத்துகிறேன். ரிவ்யூவில் நன்றாகப் பேசுகிறவரின் டிசைன் ஜெயிப்பதை ஆரம்பத்தில் நானே அனுமதித்திருக்கிறேன். கூச்சப்படுகிற ஒரு டிசைனரின் சரியான யோசனை அப்படி ஒதுங்கிப்போன கதைகள் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கின்றன. இப்போது எங்களிடம் ஒரு வழக்கம். வாக்குவாதம் அரைமணி நேரத்தைத் தாண்டினால் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது, நான் உட்பட. புரோட்டோடைப்பைப் போனில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட வேண்டும். டீக்கடையில் ஒருவர், காவலாளி அண்ணன், கூரியர் தம்பி. போனை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். வாயை மூடுவதுதான் மிகவும் கஷ்டம். புதிதாக வருகிற டிசைனர்களுக்கு நான் முதலில் பழக்குவது அதைத்தான். மென்பொருள் கருவிகளை அவர்களே கற்றுக்கொள்வார்கள்.

லிசா 1983 ஜனவரியில் 9,995 டாலர் விலையில் வந்தது. அந்த விலைக்கு அது ஓடவில்லை. ஆனால் அதில் பழகிய வழக்கங்கள் அடுத்த ஆண்டு ஜனவரி 24 அன்று வெளியான மெக்கின்டாஷில் ஏறிக்கொண்டன. மேலே பட்டியில் ‘எடிட்’ என்று ஒரு தலைப்பு. அதைத் திறந்தால் வெட்டு, நகலெடு, ஒட்டு மூன்றும் வரிசையாக. விசைகளில் எக்ஸ், சி, வி. அருகே, செய்ததைத் திரும்பப் பெற இசட். விசைப்பலகையின் கீழ் வரிசையில் இடது மூலையில் நான்கும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வலது கை மவுஸில் இருக்கும்போது இடது கை அவற்றைத் தொட்டுவிடும். எந்த நிறுவனம் நிரல் எழுதினாலும் இந்தத் தலைப்பும் வரிசையும் மாறக் கூடாது என்று ஆப்பிள் வழிகாட்டி நூலே வெளியிட்டது. ஒன்றைக் கற்றால் எல்லாவற்றிலும் கற்றதாகிவிடும். வேறு வேறு நிறுவனங்களின் நிரல்களுக்கிடையே ஒரு படமும் ஒரு பத்தியும் கைமாறத் தொடங்கின. இதைச் சாதிக்க அழகுணர்ச்சி போதாது. பலரையும் ஒரு வழக்கத்துக்கு இணங்கவைக்கும் பொறுமை வேண்டும். டிசைன் தலைமை என்று நான் சொல்வது பெரும்பாலும் அந்தப் பொறுமையைத்தான்.

விண்டோஸ் முதலில் வேறு விசைகளோடு வந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கண்ட்ரோலோடு இதே எக்ஸ், சி, வி-க்கு வந்து சேர்ந்தது. அப்புறம் அது எல்லோருடையதும் ஆகிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் டெஸ்லர் ஒரு கருத்தை வலியுறுத்தத் தொடங்கினார். எந்த வேலையிலும் குறைக்கவே முடியாத ஒரு சிக்கல் இருக்கிறது, அது மறையாது. யார் தலையில் அதைச் சுமத்துவது என்பதுதான் கேள்வி. நிரலாளர் கூடுதலாக ஒரு வாரம் உழைப்பதா, இல்லை, லட்சக்கணக்கான பயனர்கள் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் கூடுதலாகத் திணறுவதா? வெட்டி ஒட்டுவதிலேயே இதைப் பார்க்கலாம். தமிழில் அந்தச் சுமை பல ஆண்டுகள் நம் தலையில்தான் இருந்தது. யூனிகோடு பரவும் முன் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். பாமினி எழுத்துருவில் அடித்த கட்டுரையை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். பசை இருந்தது, ஒட்டவும் செய்தது. ஒட்டியது தமிழாக இல்லை. எழுத்துருமாற்றிகளைத் தாமாகவே எழுதி இலவசமாகக் கொடுத்த தமிழ் ஆர்வலர்கள்தான் அந்தச் சுமையை நம் தலையிலிருந்து இறக்கினார்கள். இன்றும் சில பிடிஎஃப் கோப்புகளிலிருந்து எடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறித்தான் வருகின்றன.

2007 ஜூனில் ஐபோன் வந்தபோது அதில் வெட்டவும் ஒட்டவும் வழியில்லை. விசைப்பலகை கண்ணாடிக்குள், மவுஸ் கிடையாது, மேல் பட்டியும் கிடையாது. விரல் நுனியோ ஓர் எழுத்தைவிடப் பெரிது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2009 ஜூனில் மூன்றாம் பதிப்பு இயங்குதளத்தோடு அது வந்தது. விரலை அழுத்திப் பிடித்தால் உருப்பெருக்கிக் கண்ணாடி, தேர்வின் இரு முனைகளிலும் இழுக்கக்கூடிய புள்ளிகள், மேலே சின்னக் குமிழில் கட்டளைகள். காத்திருந்தவர்கள் கேலி செய்தார்கள். எனக்கு அந்தத் தாமதத்தின் மேல் கோபமில்லை. ஆனால் ஒன்று தொலைந்துபோனது. மெக்கின்டாஷில் பட்டியைத் திறந்தால் அந்த மூன்று சொற்களும் கண்ணில் படும், தெரியாதவரும் படித்துத் தெரிந்துகொள்வார். போனில் அழுத்திப் பிடித்தால்தான் அவை வரும். அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று திரையில் எங்கும் எழுதியிருப்பதில்லை.

டெஸ்லர் அமேசானிலும் யாஹூவிலும் பயனர் அனுபவக் குழுக்களை நடத்திவிட்டு, 2020 பிப்ரவரி 16 அன்று தமது 74ஆம் வயதில் காலமானார். செய்தித்தாள்கள் எல்லாம் வெட்டி ஒட்டுவதைக் கண்டுபிடித்தவர் என்றே எழுதின. அவர் உயிரோடு இருந்தபோது, மெக்கின்டாஷின் திரை இடைமுகத்துக்கே தந்தை என்று தம்மைச் சிலர் எழுதியதைத் தம் இணையதளத்தில் மறுத்திருக்கிறார்: தந்தை இல்லை, பல தாத்தாக்களில் ஒருவராக வேண்டுமானால் இருக்கலாம் என்றார். டிம் மாட்டின் பங்கை அறிந்தவர்களுக்கு அந்தத் திருத்தத்தின் நேர்மை தெரியும்.

அதே ஆண்டு ஐபோனின் 14ஆம் பதிப்பு இயங்குதளம், நாம் நகலெடுத்து வைத்ததை வேறொரு செயலி படித்தால் திரையின் மேல் ஒரு வரி காட்டத் தொடங்கியது. கேட்காமலே படித்துக்கொண்டிருந்த செயலிகள் ஏராளம் என்று அப்போதுதான் பலருக்கும் தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடம் பூட்டில்லாத இடமாகவும் இருந்திருக்கிறது.

பாதுகாப்பு என்ற பெயரில் எதிர்த்திசையிலும் ஒரு கொடுமை நடக்கிறது. கடவுச்சொல் பெட்டியில் ஒட்டவிடாமல் தடுப்பது. பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையமும் அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட்டும் 2017இலேயே ஒட்ட விடுங்கள் என்று சொல்லிவிட்டன. ஒட்ட முடிந்தால்தான் மக்கள் நீளமான கடவுச்சொல்லை வைத்துக்கொள்வார்கள். அப்படியிருந்தும் இந்தத் தடை இன்னும் பல படிவங்களில் அசையாமல் நிற்கிறது.

சென்ற ஆண்டு பணம் அனுப்பும் ஒரு செயலிக்கான டிசைனில் எங்கள் டீம் வேலை செய்தது. எங்கள் டிசைனர் ஒருவர், அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் எதிரில் உட்கார்ந்தார். மகனின் கணக்கு எண் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அந்த அம்மா சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எண்ணைப் பேனாவால் எழுதினார். பிறகு செயலியைத் திறந்து, தாளைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். நடுவில் ஒரு இலக்கம் தவறியது. முதலிலிருந்து அடித்தார். டிசைனர் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வந்து, செயலியில் எண் காட்டும் இடங்களிலெல்லாம் பக்கத்தில் ‘நகலெடு’ என்று தமிழில் எழுதிய ஒரு பொத்தான் வைத்தோம். தொட்டால் ‘எடுத்தாச்சு’ என்று கீழே ஒரு வரி வரும். இரண்டு வாரம் கழித்து அதே அம்மாவிடம் கொண்டுபோனோம். பொத்தானைத் தொட்டார். வரி வந்தது, இரண்டு விநாடியில் மறைந்தது. திரையை ஒருமுறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். போனைத் திருப்பி அதன் பின்பக்கத்தைக்கூட ஒரு கணம் பார்த்தார்.

“தம்பி, எடுத்தாச்சுன்னு சொல்லுது. எங்க வச்சிருக்கு?”

லிசாவின் திரையில் ‘கிளிப்போர்டு’ என்று ஒரு சின்னப் படம் இருந்தது. வெட்டியது அதற்குள் இருக்கும், வேண்டுமானால் திறந்து பார்த்துக்கொள்ளலாம். எங்கள் டிசைனர் அன்று இரவே நோட்டில் ஒரு பெட்டி வரைந்து கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.